மைலேஜும் வேண்டும், ஓட்டுகிற சுகமும் வேண்டும்: சின்ன கார்களில் எதை எடுப்பது?

"அண்ணா, மைலேஜ் வேணும். ஆனா ஓட்டறப்ப கொட்டாவி வரக் கூடாது. ரெண்டும் ஒரே கார்ல கிடைக்குமா?"

போன மாதம் பெரியப்பா பையன் போனில் கேட்டான். வீடு அவிநாசியில், வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில், ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டம். மாதம் ஒரு முறை மனைவி, கைக்குழந்தையோடு வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ போய்விடுவான், மலைப்பாதை என்றால் அவனுக்கு உயிர். கையில் எட்டிலிருந்து பத்து லட்சம் வரை இருக்கிறது. வீட்டில் எல்லோரும் "மைலேஜ் தர்ற வண்டியா பாரு" என்கிறார்கள், ஆபீஸ் நண்பர்களோ "டர்போ எடு, இல்லன்னா வாழ்க்கை வேஸ்ட்" என்கிறார்கள், நடுவில் இவன் மூன்று மாதமாக ஒன்றும் எடுக்காமல் நிற்கிறான்.

இதே இடத்தில் சிக்கி நிற்கிற ஏழெட்டுப் பேரை எனக்கே தெரியும். அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மைலேஜ் கார் என்றால் மந்தமாக இருக்கும், ஜாலியான கார் என்றால் பெட்ரோல் குடிக்கும் என்று நாமாகவே இரண்டு கட்சி பிரித்து வைத்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மைலேஜுக்கும் ஓட்டுகிற சுகத்துக்கும் பெரும்பாலும் ஒரே வேர்தான், எடை குறைவாக இருப்பது.

1956-ல் சூயஸ் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டபோது, கொஞ்சமாகக் குடிக்கிற ஒரு குட்டிக் கார் வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் வடிவமைத்ததுதான் மினி. 1959-ல் 848 சிசி எஞ்சினோடு வெளிவந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்தக் காரின் கூப்பர் வடிவம் 1964, 1965, 1967 என்று மூன்று முறை மாண்டி கார்லோ ராலியை வென்றது, தன்னைவிடப் பெரிய பெரிய கார்களை மலை வளைவுகளில் பின்னால் விட்டு. அவ்வளவு தூரம் போவானேன், நம் கோயம்புத்தூரில் பந்தயக்காரர் கரிவர்தன் என்ன செய்தார்? ஊரெல்லாம் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்தக் கார்தான். எஞ்சின் அதேதான், சுமக்க வேண்டிய எடைதான் குறைந்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

காரின் பெயரைச் சொல்வதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ள காருக்கு ஏற்ற காரணத்தைத் தேடிப் பிடித்துவிடுவார்கள்.

ஓட்டுகிற சுகம். பூஜ்ஜியத்திலிருந்து 100 எத்தனை நொடி என்பதை நான் பார்ப்பதே இல்லை. திருப்பூரில் அதை எங்கே செய்து பார்ப்பீர்கள்? நான் பார்ப்பது மூன்று. தேர்டு கியரில் 40-லிருந்து 80-க்குத் தயங்காமல் இழுக்கிறதா, ஏனென்றால் லாரியை ஓவர்டேக் செய்யும்போது வேண்டியது அதுதான். வளைவில் திருப்பியதும் மூக்கு சொன்னபடி கேட்கிறதா, அல்லது ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாய்கிறதா. கியர், கிளட்ச், ஸ்டீயரிங் மூன்றும் கைக்கும் காலுக்கும் ஏதாவது சொல்கிறதா.

நிஜ மைலேஜ். கம்பெனி சொல்வது ஏஆர்ஏஐ என்ற வாகன ஆய்வு நிறுவனத்தின் சோதனைக்கூடத்து எண். டேங்க் நிறைத்து, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் டேங்க் நிறைத்துக் கணக்குப் போட்டால் வருவது வேறு. டேஷ்போர்டில் காட்டுகிற எண்ணையும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே சொல்லும். அப்புறம் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே பழைய ரெவ்யூக்களில் படித்த மைலேஜ் இன்று அப்படியே வராது.

ஐந்து வருட மொத்தச் செலவு. பெட்ரோல் மட்டும் இல்லை. சாலை வரி, இன்ஷூரன்ஸ், டயர், கிளட்ச், கடைசியில் விற்கும்போது கிடைக்கிற விலை, எல்லாம் சேர்ந்தது.

அன்றாடம். டிராஃபிக், வேகத்தடை, மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது, குழந்தையின் தள்ளுவண்டி டிக்கியில் அடங்குவது.

பாதுகாப்பு. வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர் இதைக் கடைசியில் வைக்கக் கூடாது. நானே கடைசியில் எழுதியிருக்கிறேன், ஆனால் பார்க்கும்போது முதலில் பாருங்கள்.

## 1. எடை குறைந்த சாதா பெட்ரோல், மேனுவல் கியரோடு

இந்த வகைக்கு உதாரணம் ஸ்விஃப்ட். 2005-ல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, சின்ன காரை ரசித்து ஓட்டலாம் என்று நம் ஊரில் பலருக்குக் காட்டிக்கொடுத்தது இதுதான். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் மூன்று சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சின், 82 பிஎஸ் (குதிரைத்திறன்), 112 நியூட்டன் மீட்டர் இழுவை. கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவலுக்கு 24.8, ஏஎம்டிக்கு (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றுவது) 25.75. எடை சுமார் 920 கிலோ.

அந்த 920-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். 82-ஐ 920 கிலோவால் வகுத்தால் ஒரு டன்னுக்கு 89 குதிரை. சாலையில் இன்று நிறைய ஓடுகிற 115 பிஎஸ், 1,250 கிலோ எடையுள்ள எஸ்யூவிக்கு இதே கணக்கைப் போட்டால் 92 வருகிறது. ஏறக்குறைய சமம். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எஸ்யூவி 330 கிலோவைக் கூடுதலாக உருட்டிக் கிளப்ப வேண்டும், அடுத்த சிக்னலில் அவ்வளவையும் பிரேக்கில் சூடாக்கி வீணடிக்க வேண்டும். வளைவில் அந்த எடையெல்லாம் வெளிப்பக்கம் தள்ளும். எடையைக் குறைத்தால் மைலேஜும் ஏறும், வளைவில் துள்ளலும் கிடைக்கும்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் பெரும்பாலும் செகண்ட், தேர்டு இரண்டு கியர்தான், வேகம் இருபதிலிருந்து நாற்பதுக்குள். 82 குதிரையில் கடைசிக் குதிரை வரை நீங்கள் பயன்படுத்த முடிகிறது. வளைவுக்கு முன் செகண்டுக்கு இறக்கி, உள்விளிம்பைப் பார்த்துத் திருப்பி, வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் வேகமானி எல்லை மீறாது. அடுத்த வளைவுக்கு அதையே இன்னும் கொஞ்சம் சுத்தமாகச் செய்யப் பார்ப்பீர்கள். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது உள்ளங்கை லேசாக வியர்த்திருக்கும், டேங்க் முள் நகர்ந்தே இருக்காது. எனக்கு ஓட்டுகிற சுகம் என்றால் இதுதான்.

இறங்கும்போது ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வது அடியோடு நிற்கிறது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடப் பெட்ரோல் தேவை, போதாததற்கு பிரேக் மட்டுமே சுமை முழுவதையும் தாங்கிச் சூடேறும். செகண்ட் கியரில் இறங்குவது பாதுகாப்பும் கூட, சிக்கனமும் கூட.

குறைகளும் உண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் முரடாகக் கத்தும். இதற்கு முந்தைய தலைமுறையில் 2021 முதல் 2024 வரை வந்த நாலு சிலிண்டர் 90 பிஎஸ் எஞ்சின் ரெட்லைன் வரை வெண்ணெய் மாதிரி ஏறும், என் மனம் இன்னும் அதில்தான் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் நிறைய கிடைக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறை ஸ்விஃப்ட் 2022-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். புதியதில் ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் பிடிக்கிற இஎஸ்பியும் எல்லா வேரியன்ட்டிலும் வந்துவிடுகின்றன. நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டால் பக்கக் காற்றில் கொஞ்சம் ஆடும், டயர் சத்தமும் உள்ளே வரும். நான்கு பேர், ஏசி, மலை ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதை வேலையாக நினைப்பவருக்கு இந்த வகை வேண்டாம்.

இதே வகையில் ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருவது, நாலு சிலிண்டர், டிராஃபிக்கில் இதைவிட மென்மை, ஆனால் வளைவில் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். டாடா டியாகோவில் 86 பிஎஸ், எஞ்சினில் துள்ளல் குறைவு. ஆனாலும் நெடுஞ்சாலையில் சாலையைக் கவ்விக்கொண்டு போகும், 2020-ல் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. பின்சீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு டியாகோ நல்ல தேர்வு.

மறைந்திருக்கும் செலவு: கிட்டத்தட்ட இல்லை. டயர் மலிவு, பாகம் மலிவு, எந்த ஊர் மெக்கானிக்கும் தொடுவார், விற்கும்போதும் விலை கிடைக்கும். ஆசைப்பட்டு அகலமான டயர் மாற்றினால் பிடிப்பு கூடும், மைலேஜ் குறையும், இரண்டும் சேர்ந்தே வரும். முதல் செட் தேய்ந்த பிறகு அதே அளவில் நல்ல பிராண்ட் டயராக மாற்றினாலே போதும், கார் ஒரு படி மேலே போய்விடும்.

## 2. சின்ன டர்போ பெட்ரோல்

ஆபீஸ் நண்பர்கள் சொல்வது இந்த வகை, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கிச் சக்தியை ஏற்றுகிற டர்போ. ஐ20 என் லைன், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். 2023-லிருந்து சரியான ஆறு கியர் மேனுவலும் வந்துவிட்டது. டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் 2024 ஜூனில் வந்தது, அதுவும் 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். ஆல்ட்ரோஸ் 2020 சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய உடல், அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த வகையைப் பற்றிப் பேசும்போது கோயம்புத்தூர்க்காரனாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்று ஒரு கார் வந்தது. டாடாவும் நம் ஊர் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸும் சேர்ந்து செய்தது. 114 பிஎஸ் டர்போ, இறக்கிய சஸ்பென்ஷன், விலை 6.39 லட்சம். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் அப்படி ஒரு வண்டி வந்ததே அதிசயம். பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததோடு அது போய்விட்டது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் காருக்கே உரிய பாகங்களைத் தேடி அலையத் தயாராக இருங்கள்.

சரி, டர்போவின் சுகம் எப்படி? நெடுஞ்சாலையில் பிரமாதம். நாலு பேர் இருந்தாலும், ஏசி ஓடினாலும், தேர்டு கியரில் 60-லிருந்து 100 என்பது சட்டென்று நடக்கும். எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போது அந்த இரண்டு நொடி மிச்சம் உயிருக்கே பாதுகாப்பு. உடுமலை, தாராபுரம் பக்கம் இருவழிச் சாலையில் அதிகம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

மலையில்? அங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆர்பிஎம் 1,700-க்குக் கீழே விழுந்தால் டர்போ தூங்கும், கொண்டை ஊசியில் அப்படித்தான் விழும். அது விழித்துக்கொள்ளும்போது அடுத்த வளைவு வந்துவிடும், உடனே பிரேக். முழுச் சக்தியையும் இரண்டு நொடி தொட்டுவிட்டு விடுவதுதான் நடக்கிறது. டேங்க்கோ இறங்கிக்கொண்டே இருக்கும். டர்போவில் மைலேஜ் காலைப் பொறுத்தது, மென்மையாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் 18 கூட வரும், மனம்போல ஓட்டினால் 10-க்கு இறங்கிவிடும். மென்மையாகவே ஓட்டுவதற்கு எதற்கு டர்போ வாங்கினோம் என்ற கேள்வி கூடவே வரும்.

மறைந்திருக்கும் செலவு: இங்கே நிறைய. தமிழ்நாட்டு சாலை வரியில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். அதுவும் முழு விலைக்கும். 9.80 லட்சம் காருக்கு வரி சுமார் 1,27,000. ஒரு சன்ரூஃபுக்கோ ஸ்பீக்கருக்கோ ஆசைப்பட்டு 10.20 லட்சம் வேரியன்ட்டுக்குப் போனால் 1,84,000-ஐ நெருங்கும். நாற்பதாயிரம் ரூபாய் வசதிக்கு மேல் ஐம்பத்தாறாயிரம் ரூபாய் வரி! ஷோரூமில் இதை யாரும் முன்வந்து சொல்வதில்லை, ஆன்ரோடு விலைத் தாளில் ஒரு வரியாகக் கிடக்கும். அப்புறம் 16 அங்குல டயர் நாலும் மாற்றும்போது 14 அங்குலத்தைவிட நன்றாகவே கூடுதல் ஆகும், எஞ்சின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்ற வேண்டும், ட்வின் கிளட்ச் ஆட்டோமேட்டிக் எடுத்தால் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டும்போது கிளட்ச் சூடேறும். வாரன்டி முடிந்த பிறகு அதில் கை வைத்தால் பில் பெரிதாக வரும். இந்த வகை எடுப்பதானால் மேனுவல் எடுங்கள்.

## 3. செகண்ட் ஹேண்ட் டீசல் ஹேட்ச்பேக்

இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "போன கால வண்டிண்ணா அது." உண்மைதான், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது, மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஆனால் சிக்கனமும் சுகமும் ஒரே உடலில் சேர்ந்த கார்கள் என்று கேட்டால் என் மனதில் முதலில் வருவது இந்தக் கூட்டம்தான்.

ஃபோர்டு ஃபிகோ, 2015-க்குப் பிறகு வந்தது, 1.5 டீசல். 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர், கம்பெனி சொன்ன மைலேஜ் 25.83. மூன்று எண்களையும் மறுபடி படியுங்கள். மேலே சொன்ன டர்போ பெட்ரோலைவிட இழுவை அதிகம், ஸ்விஃப்டைவிட மைலேஜ் எண்ணும் அதிகம். ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் ஓட்டத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து சரி செய்த மாதிரி இருக்கும். போலோ ஜிடி டீசலில் 250 நியூட்டன் மீட்டர், கதவை மூடும் சத்தத்திலேயே ஒரு கனம் தெரியும். ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது ஃபியட் வழி வந்த 1.3 மல்டிஜெட், 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். இதே எஞ்சின் ஃபியட், டாடா, மாருதி என்று அத்தனை பேரிடமும் ஓடியதால் அதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் ஊரில் இல்லை. நான் ஒன்பது வருடம் ஓட்டியது இந்த 1.3 தான். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே உயிரே இருக்காது, தாண்டியதும் முதுகில் ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளு எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் கியர் போடப் பழகியதே ஒரு ரசனை. கோவையிலிருந்து மதுரை போய்வந்து டேங்க் நிறைத்தால் 21, 22 சாதாரணமாக வரும்.

மறைந்திருக்கும் செலவு: நிலைமை தெரியாமல் வாங்கினால் இதைவிட மோசமான பேரம் இல்லை. என் சித்தப்பா ஒரு பழைய கார் கடையில் 62,000 ஓடியது என்று சொல்லப்பட்ட டீசல் ஒன்றை வாங்கினார். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய பதிவை எடுத்தபோது இரண்டு வருடத்துக்கு முன்பே 1,40,000 தாண்டியிருந்தது. டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் என்று அந்த வருடமே எண்பதாயிரத்துக்கு மேல் போட்டார், அவர் மிச்சம் பிடிக்க நினைத்த டீசல் காசு அத்தனையும் அதில் போனது. ஆகவே சர்வீஸ் பதிவு இல்லாத வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, பாகம் கிடைத்தாலும் சிலவற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதைச் செல்லமாகப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் காரைத் தேடுங்கள்.

பத்து வருடம் ஆனால் டீசலை ஓட்டக் கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த கட்டுப்பாடு, இங்கே 15 வருடத்துக்குப் பிறகும் தகுதிச் சோதனை முடித்து ஆர்.சி. புதுப்பிக்கலாம். பிஎஸ்6 டீசல் எடுத்தால் புகைவடிகட்டி இருக்கும், அது சுத்தமாக அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓட வேண்டும், தினமும் ஐந்து கி.மீ. மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். குறைவாக ஓடுகிறவருக்கு டீசலே வேண்டாம்.

## 4. சின்ன மின்சாரக் கார்

டியாகோ இவி, 24 கிலோவாட் மணி பேட்டரி, 75 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் சாதாரணம், ஆனால் அந்த இழுவை காலை வைத்த கணமே வருகிறது, 60 கி.மீ. வேகத்தை 5.7 நொடியில் தொடும் என்று கம்பெனி சொல்கிறது. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதலில் போவது இதுதான். திருப்பூர் டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் நோகிறவர்களுக்கு இது விடுதலை. மலை இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும், வால்பாறையிலிருந்து இறங்கும்போது சதவீதம் ஏறுவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

ஆனால் பேட்டரியின் கனம் வளைவில் தெரிகிறது, கியர் போடும் வேலையும் இல்லை. ஒரு சார்ஜுக்கு நிஜத்தில் 180, 200 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைச் சார்ஜிங் நிலையத்தைச் சுற்றித் திட்டமிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: மின்கட்டண அடுக்கு. வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்டால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து ஏறும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சார்ஜர் வைக்க வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிய பிறகு காருக்கு முன்பணம் கட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

வருடத்துக்கு 12,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92, மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு. மைலேஜ் நான் எதிர்பார்க்கும் நிஜ எண்.

| | சாதா பெட்ரோல் | சின்ன டர்போ | பழைய டீசல் | மின்சாரம் |
|---|---|---|---|---|
| நிஜ மைலேஜ் | 18 | 14 | 20 | யூனிட்டுக்கு 7 கி.மீ. |
| வருட எரிபொருள் செலவு | ரூ. 66,700 | ரூ. 85,700 | ரூ. 55,200 | ரூ. 13,700 |
| மலை வளைவு | மிக நன்று | நன்று | நன்று | பரவாயில்லை |
| நெடுஞ்சாலை ஓவர்டேக் | திட்டமிட்டுச் செய்யணும் | மிக நன்று | மிக நன்று | 80 வரை நன்று |
| டிராஃபிக் | நன்று | பரவாயில்லை | கிளட்ச் கனம் | மிக நன்று |
| பெரிய செலவு எங்கே ஒளிந்திருக்கிறது | இல்லை எனலாம் | சாலை வரி, டயர், கியர்பாக்ஸ் | முந்தைய உரிமையாளரின் கை | மின்கட்டண அடுக்கு |

டர்போவுக்கும் சாதா பெட்ரோலுக்கும் வருடத்துக்கு 19,000 ரூபாய் வித்தியாசம், ஐந்து வருடத்தில் 95,000. அந்தக் காசு கொடுத்து வாங்குவது நெடுஞ்சாலை இழுவை. மாதத்துக்கு நாலு முறை சென்னை போய் வருகிறவருக்கு அது தகும். மாதம் ஒரு முறை மட்டும் மலைக்குப் போகிறவருக்குத் தகாது என்பது என் கணிப்பு.

ஏஎம்டியும், இயற்கை எரிவாயுவில் ஓடுகிற சிஎன்ஜியும் விட்டுப்போனது என்பீர்கள். ஏஎம்டியில் மைலேஜ் குறையாது, டிராஃபிக்கில் சுகம்தான், ஆனால் கியர் மாறும்போது ஒரு சின்ன இடைவெளி விழும். ஓவர்டேக் நடுவில் அது விழுந்தால் மனம் பதறும், மலையில் மேனுவல் மோடில் போட்டு ஓட்டினால் சமாளிக்கலாம். சிஎன்ஜி காசை மிச்சம் பிடிக்கும், ஸ்விஃப்டில் கிலோவுக்கு 32.85 என்கிறார்கள். ஆனால் சக்தி 70 பிஎஸ்ஸுக்கு இறங்குகிறது, சிலிண்டரின் எடை ஏறுகிறது, டிக்கி போகிறது. ஓட்டுகிற சுகம் கேட்டு வந்தவருக்கு அது பதில் இல்லை.

## யாருக்கு எது

ஊருக்குள் ஓட்டம், வார இறுதியில் மலை, வருடத்துக்கு 10,000 முதல் 15,000 கி.மீ. என்றால் சாதா பெட்ரோல் மேனுவல். நெடுஞ்சாலைதான் வாழ்க்கை, பெரும்பாலும் ஆள் நிறைய ஏறும் என்றால் டர்போ, ஆனால் 10 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். வருடத்துக்கு 20,000-க்கு மேல் ஓட்டம், நம்பகமான மெக்கானிக் உண்டு, பட்ஜெட் ஐந்தாறு லட்சம் என்றால் பதிவு சுத்தமாக உள்ள டீசல். சொந்த வீடு, தினம் 60 கி.மீ.க்குள், வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது என்றால் மின்சாரம்.

எதை எடுத்தாலும் டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம்காரர் கூட்டிப்போகிற அந்த இரண்டு கி.மீ. நேர் ரோட்டில் முடித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலத்தில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பாருங்கள். மோசமான ரோடு ஒன்றில் 30-ல் போங்கள். யூ டர்ன் எடுங்கள். தேர்டு கியரில் 40-லிருந்து 80 வரை நீங்களே மனதுக்குள் எண்ணுங்கள். காரை மாற்றி மாற்றி ஒரே பாதையில் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தம்பி அப்படித்தான் செய்தான், ஒரே சனிக்கிழமையில் மூன்று கார், மூன்றிலும் அவிநாசி மேம்பாலம். டர்போவிலிருந்து இறங்கியபோது முகம் மலர்ந்திருந்தது, எனக்கே இவன் அதைத்தான் எடுக்கப்போகிறான் என்று தோன்றியது. ஸ்விஃப்டிலிருந்து இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சுற்று கேட்டான். அடுத்த வாரம் மேனுவலை புக் செய்தான், மிச்சமான காசில் நல்ல குழந்தை இருக்கை ஒன்று வாங்கிப் பின்சீட்டில் பொருத்தியிருக்கிறான்.